நாற்பத்தேழு பெட்டியும் ஒரு வண்டும்

அத்தியாயம் 7

“அண்ணி, ஒரு சந்தேகம். துப்பாக்கி விக்கிறவங்களுக்கெல்லாம் பல் வரிசை எப்படி இவ்வளவு வெளுப்பா இருக்கு?”

“கடிக்கிற வேலையை அடுத்தவன்கிட்டக் கொடுத்தவனுக்குப் பல் ஏன் தேயப்போகுது? பேசாம உட்காரு.”

கொழுந்தன் பேசாமல் உட்கார்ந்தான். அவனுக்கு அது செருப்பில்லாமல் வெயில் தார் ரோட்டில் நிற்பது மாதிரி. பத்து எண்ணுவதற்குள் கால் மாற்றிவிடுவான். துப்பாக்கிக் கம்பெனியின் வரவேற்பறை. எதிர்ச் சுவரில், சிரிக்கும் கம்பெனி இயக்குநர்களின் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது. மூன்று வருடம் தொடர்ந்து ரத்ததான முகாம் நடத்தியதற்காக.

“பாருங்க அண்ணி. ரத்தம் எடுக்கிறதுல ரெண்டு வழியிலயும் அனுபவசாலிங்க.”

அண்ணி சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தாள். ஒன்று இருபது. கப்பல் நாலு மணிக்கு.

அவன் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அண்ணி. இப்போது அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. தலையில் மிச்சம் இருப்பது காதோரம் மட்டும்தான். இன்னமும் அவன் அவளுக்குத் ‘தம்பி’தான். சுங்க இலாகாவில் இருபத்தொன்பது வருடம் பெட்டி திறந்து பார்த்தவள், ஓய்வு பெற்றதும் வீட்டில் ஓய்ந்து கிடக்கப் பிடிக்காமல் டயர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். சரக்கு அனுப்பும் கம்பெனியில் காகிதம் எழுதிக்கொண்டிருந்த கொழுந்தன், அந்தக் கம்பெனிக்குப் பூட்டு விழுந்ததும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டான். வீட்டில் அண்ணி, ஆபீஸில் முதலாளி, ரெண்டு இடத்திலும் எதிர்த்துப் பேச முடியாது என்பான். சொல்லிக்கொண்டே எதிர்த்தும் பேசுவான்.

காலையில் எட்டு மணிக்கு மாடிப்படி ஏறி வந்தவள் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாடை.

“மேடம், என் வீட்டுக்காரர் துப்பாக்கி திருடினாருன்னு உள்ள வெச்சிருக்காங்க. அவரு எலிப்பொறியைக்கூட எட்டி நின்னு தொடறவரு.”

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால் கம்பெனிக் கிடங்கிலிருந்து நாற்பத்தெட்டு மரப்பெட்டிகள் லாரியில் ஏறின. எல்லாம் துப்பாக்கி. பெரிய துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று காகிதம் சொன்னது. பாதி வழியில் ஓட்டுநருக்கு ஒரு போன். ‘பழைய படகுத்துறைக்குத் திருப்பு.’ திருப்பினான். பள்ளத்தில் வண்டி குதித்தது, ஒரு பெட்டி விழுந்து உடைந்தது, ரோடெல்லாம் துப்பாக்கி. போலீஸ் வந்தது. ‘நாங்க போனே பண்ணல, திருடப் பார்த்திருக்கான்’ என்று கம்பெனி கையை விரித்தது. உடைந்த பெட்டி ஸ்டேஷனில் சாட்சியாக உட்கார்ந்திருந்தது. மற்ற நாற்பத்தேழும் ‘மீட்கப்பட்ட சொத்து’ என்று கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டன. இன்றைக்கு நாலு மணிக் கப்பலில் ஏறினால் அவை கடலோடு போச்சு. நாளைக் காலை கோர்ட்டில் ஓட்டுநரும், உடைந்த ஒற்றைப் பெட்டியும், யாரும் நம்பாத ஒரு போன் காலும்தான் மிச்சம்.

கதவு திறந்தது. முதலில் சென்ட் வாசனை வந்தது. அதன் பின்னால் கம்பெனியின் முகவர் வந்தார். கொழுந்தன் அந்த நொடியே அவருக்குப் பேர் வைத்துவிட்டான்: சென்ட்.

“மேடம், இந்த வயசுல நீங்க அலையறதைப் பார்த்தா எனக்கே மனசு கஷ்டமா இருக்கு.”

“உங்க மனசை அப்புறம் பார்க்கலாம். காகிதத்தைக் காட்டுங்க.”

சென்ட் ஒரு நீலக் கோப்பை, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில், மேஜைமேல் வைத்தார். அண்ணி புரட்டினாள்.

“செஞ்சது ஒரு நாடு. தரகு பேசினவர் இருக்கிறது இன்னொரு நாடு. கப்பல்ல பறக்கிற கொடி மூணாவது நாடு. ஏத்தறது இங்க. போய்ச் சேர்றது அஞ்சாவது நாடு. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஊர்ல பத்திரிகை வைக்க மாட்டாங்களே.”

“உலக வர்த்தகம் மேடம்.”

“இது என்ன?”

“அதுதான் முக்கியமான தாள். இந்தத் துப்பாக்கியை எங்க வனக்காவலர்கள் மட்டும்தான் வெச்சிருப்பாங்க, வேற யாருக்கும் கொடுக்க மாட்டோம்னு வாங்கற அரசாங்கம் எழுதிக் கொடுத்த உறுதி. கையெழுத்து, முத்திரை, எல்லாம் சுத்தம்.”

“சரி. அந்த ஊர்க் காட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு அப்புறம் யார் பார்ப்பாங்க?”

சென்டின் முகத்தில் நிஜமான குழப்பம். பொய் சொல்கிறவனின் குழப்பம் இல்லை. ‘மழை பெஞ்சா யார் துடைப்பாங்க’ என்று கேட்டால் வருமே, அந்தக் குழப்பம்.

“யாரு பார்க்கணும் மேடம்? வித்தவங்க வித்துட்டாங்க. வாங்கறவங்க எழுதிக் கொடுத்துட்டாங்க. நடுவுல நாங்க தபால்காரன் மாதிரி.”

“தபால்காரர்கூட வீட்ல ஆள் இருக்கான்னு கதவைத் தட்டுவாரு சார்” என்றான் கொழுந்தன்.

“சரி, தரகர் இங்க வந்து தப்புப் பண்ணா எந்தச் சட்டம் பிடிக்கும்?” அண்ணி கேட்டாள்.

“அவர்தான் இங்க இல்லையே.”

“அவர் இருக்கிற ஊர்ல?”

“பொருள் அங்க வரவே இல்லையே.” சென்ட் கையை விரித்தார். வெளுத்த பல் எல்லாம் தெரிந்தது. “அதுதான் மேடம் இந்தத் தொழிலோட அழகு.”

“அழகுதான். அந்த ஓட்டுநர்?”

“பாவம், ஆசைப்பட்டுட்டான். எங்க காகிதத்துல பெரிய துறைமுகம்னு தெளிவா இருக்கு. அவன் எதுக்குப் படகுத்துறைக்குப் போனான்? போன் வந்துச்சாம். எந்த நம்பர்? ஏதோ பொதுத் தொலைபேசி. அப்படி யார் வேணாலும் சொல்லலாம்.”

“ரெண்டு குழந்தைங்க அவருக்கு.”

“எனக்கும் ரெண்டு” என்றார் சென்ட், அது ஒரு பதில் என்பது போல.

அண்ணி கோப்பை மூடினாள். “பெட்டிகளை வெளியில இருந்து ஒரு தடவை பார்த்துக்கட்டுமா? திறக்கச் சொல்லல.”

“தாராளமா. தொட்டே பாருங்க. கிடங்குக்கு நானே சொல்லிடறேன்.”

லிப்ட்டில் இறங்கும்போது கொழுந்தன் முணுமுணுத்தான். “தொட்டே பாருங்களாம். பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி.”

“சொல்லட்டும். அகம்பாவம் பிடிச்சவன்தான் தம்பி கதவைத் திறந்து விடுவான். பயந்தவன் பூட்டிக்குவான்.”

*

துறைமுகத்தின் ஆறாம் எண் கிடங்கு. தகரக் கூரை வெயிலைத் தேக்கி வைத்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. கிடங்கு அதிகாரி கையில் பேப்பர் விசிறி. அவருடைய முகத்தைப் பார்த்தாலே ‘முடியாது’ என்று எழுதி ஒட்டியது போலிருக்கும்.

“சீல் வெச்ச சரக்கு. நான் திறக்க முடியாது. நீங்க திறக்க முடியாது. எங்க பெரியவர் வந்தாலும் முடியாது. காகிதம் சரியா இருக்கு.”

“உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா சார்?” கொழுந்தன் கேட்டான்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்? காகிதம் சரியா இருக்கு.”

“உங்க வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்துலருந்து வந்தா முகத்தைப் பார்ப்பீங்களா, ஐடி கார்டைப் பார்ப்பீங்களா?”

“தம்பி!” என்றாள் அண்ணி.

நாற்பத்தேழு பெட்டிகளும் சுவரோரம் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை, துறைமுக முத்திரை, போலீஸ் ‘மீட்கப்பட்டது’ முத்திரை. அண்ணி ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. கொழுந்தன் பின்னாலேயே போய்க் குனிந்தான், நிமிர்ந்தான், அப்புறம் கூரை அதிர ஒரு தும்மல் தும்மினான். இன்னொன்று. இன்னொன்று.

“என்னடா?”

“பொடி அண்ணி. யாரோ கோதுமை மாவு சலிச்ச மாதிரி தரையெல்லாம் பொடி.”

அண்ணி தரையைப் பார்த்தாள். பெட்டிகளுக்கு அடியில் மட்டும், வெளிர் மஞ்சளாக, மைதா மாதிரி மென்மையான தூள். விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு பலகையோடு முகத்தை ஒட்டினாள். ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள். பலகையின் ஓரத்தில் பட்டைகூட உரியாமல் இருந்தது.

“தம்பி, ஒரு முத்திரை தேடு.”

“முத்திரையா? உடம்பெல்லாம் பச்சை குத்தின மாதிரி ஒவ்வொண்ணுலயும் மூணு இருக்கே.”

“பொருளுக்குப் போட்டது இல்ல. கட்டைக்குப் போட்டது.”

கொழுந்தனுக்குச் சட்டென்று புரிந்தது. பதினெட்டு வருடம் சரக்குக் காகிதம் எழுதியவன் அல்லவா? நாடு தாண்டிப் போகும் மரப்பெட்டி எதுவானாலும், அதன் பலகையைச் சூளையில் வைத்துச் சூடுகாட்டி, உள்ளே இருக்கிற பூச்சி பொட்டெல்லாம் செத்த பிறகு, ஒரு கதிர் படமும் சூளையின் எண்ணும் போட்டுச் சுட்டுப் பதித்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரோ கண்ணாடித் தம்ளர் அனுப்பும் பெட்டிகள் இருந்தன. அத்தனையிலும் கதிர் முத்திரை. தம்ளருக்கு உண்டு. எதிரே பழைய தையல் மெஷின் ஒன்று. அதன் பெட்டியிலும் உண்டு.

துப்பாக்கிப் பெட்டிகளில் ஒன்றில்கூட இல்லை.

“இல்ல அண்ணி. நாற்பத்தேழுலயும் இல்ல. பச்சை மரம்.”

அப்போதுதான் அண்ணி அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். அதில் சந்தோஷம் கிடையாது. மார்க்கெட்டில் அழுகிய தக்காளியை அடியில் மறைத்து வைத்தவனைக் கண்டுபிடித்துவிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

“இந்தப் பெட்டி அந்த ஊருக்குப் போகவே போறதில்ல.”

“எப்படி?”

அண்ணி பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. ஓட்டுநரின் மனைவி. ஸ்டேஷன் வாசலிலிருந்து பேசினாள். சத்தமாகவே கேட்டது.

“மேடம், அவரை ஒப்புதல் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்களாம். எழுதினா குறைஞ்ச வருஷம், எழுதலைன்னா நிறைய வருஷம்னு சொல்றாங்களாம். என்ன பண்ணச் சொல்றது?”

“பேனாவைத் தொட வேண்டாம்னு சொல்லு. கை வலிக்குது, கண்ணு தெரியல, எழுத்து மறந்துபோச்சு, எதையாவது சொல்லட்டும். ஆறு மணி வரைக்கும்.”

“ஆறு மணிக்கு என்ன மேடம் நடக்கும்?”

“நடந்தா சொல்றேன்மா.”

போனை வைத்துவிட்டு வேகமாக நடந்தாள். அறுபத்தாறு வயசு முழங்காலை அவள் மறந்துவிட்டாள். கொழுந்தன்தான் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினான்.

“அண்ணி, எப்படின்னு சொல்லிட்டு நடங்க.”

“முத்திரை இல்லாத பெட்டியை எந்தத் துறைமுகத்துலயும் இறக்க விட மாட்டாங்க. கப்பலோட திருப்பி அனுப்புவாங்க. அதுவும் அந்த அஞ்சாவது நாடு இதுல ரொம்பக் கறார். இவங்க இருபது வருஷமா சரக்கு அனுப்பறவங்க, இது தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் பச்சை மரத்துல பெட்டி அடிச்சாங்கன்னா?”

கொழுந்தன் நின்றுவிட்டான். “இறக்கப் போற இடத்துல பார்க்கிறதுக்கு ஆள் இருக்க மாட்டாங்கன்னு தெரியும். துறைமுகமே இல்லாத கரை.”

“வனக்காவலரும் இல்ல, வனமும் இல்ல. எவனோ எவனையோ சுடறதுக்கு. பெட்டி அடிச்சது மூணு வாரம் முன்னாடி, அந்தக் கோப்புலயே தேதி இருக்கு. ஓட்டுநருக்குச் சரக்குன்னு ஒண்ணு இருக்கிறதே அப்பத் தெரியாது. படகுத்துறைக்குத் திருப்பணும்னு முடிவு பண்ணது லாரியில இல்ல தம்பி, தச்சுப்பட்டறையில.”

“சூளைக்கு அனுப்பி ஒரு முத்திரை குத்தியிருக்கலாமே. அரை நாள் வேலை.”

“குத்தலாம். ஆனா சூளைக்காரன் ஒரு நோட்டு வெச்சிருப்பான். யாரோட பெட்டி, எத்தனை, எந்தக் கரைக்கு. எழுதாம சூளைக் கதவைத் திறக்க மாட்டான். இந்த வியாபாரத்துல கடைசி வரைக்கும் எவன் பேரும் எந்த நோட்டுலயும் வரக் கூடாது. அந்தப் பயம்.”

கொழுந்தனுக்குக் கோபம் வந்தது. அவனுக்குக் கோபம் வந்தால் சிரிப்பாகத்தான் வெளியே வரும்.

“அப்ப கட்டையைத் துளைக்கிற வண்டு எல்லை தாண்டக் கூடாதுன்னு நூத்துக்கு மேல நாடுங்க உட்கார்ந்து பேசி, ஒரே முத்திரை, ஒரே விதின்னு முடிவு பண்ணியிருக்காங்க. ஆளைத் துளைக்கிற குண்டுக்கு?”

“அதுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு.”

“பேப்பர்ல படிச்சேன். இருக்குல்ல?”

“இருக்கு. பிடிச்சவன் சேரலாம். சேர்ந்தவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கலாம். தரகனைக் கேட்கிற சட்டம் எத்தனையோ ஊர்ல இல்ல. பொருள் போய்ச் சேர்ந்துச்சான்னு கதவைத் தட்டறதுக்கு ஒரு ஆள் இல்ல. கடுகு போற இடத்துல கம்பு ஊன்றி நிப்பாங்க. பூசணிக்காய்க்குக் காகிதம் சரியா இருந்தாப் போதும்.”

“இப்ப நாம எங்க போறோம்?”

“கடுகைப் பார்க்கிறவர்கிட்ட.”

*

துறைமுகக் கேன்டீனுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி ஒரு அறை. ‘தாவர நோய்த் தடுப்பு’ என்று பலகை. துறைமுகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வண்டு ஆபீசர் என்றுதான் பேர். மெலிந்த மனிதர். மேஜைமேல் சின்னச் சின்னச் சீசாக்களில் செத்த பூச்சிகள், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தில் பேரும் தேதியும். நாலு மாதமாக அந்த அறைக்கு வந்தவர் மின்விசிறி ரிப்பேர்க்காரர் மட்டும்தானாம்.

அண்ணி விஷயத்தைச் சொன்னாள். ஆபீசர் மெதுவாக எழுந்தார்.

“வண்டா? உயிரோடயா?”

“ஆளைப் பார்க்கல சார்” என்றான் கொழுந்தன். “மூக்குல பொடி போட்டு விட்டுச்சு.”

“ஐயா, ஒண்ணு சொல்லிடறேன்” என்றாள் அண்ணி. “பெட்டிக்குள்ள துப்பாக்கி. பின்னால பெரிய ஆளுங்க இருக்காங்க. உங்களுக்குத் தொந்தரவு வரலாம்.”

ஆபீசர் சட்டைப்பையில் பூதக்கண்ணாடியைச் செருகினார். “துப்பாக்கி என் துறை இல்லைங்க.”

“பெட்டி?”

“பெட்டி என் துறை.”

*

மூன்று பத்து. கிடங்கு வாசலில் கிரேன் கொக்கியைத் தொங்கவிட்டுக் காத்திருந்தது. சென்டும் வந்துவிட்டார். கப்பலை வழியனுப்பும் பெருமையோடு நின்றார். வண்டு ஆபீசர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெட்டியின் முன்னால் மண்டி போட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பலகையைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார், டாக்டர் மாதிரி. ஒரு இடத்தில் நெம்பினார். இடுக்கியால் எதையோ பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆறு காலும் அசைந்தன.

“உயிரோடதான் இருக்கு” என்றார், பேரன் பிறந்த சேதி சொல்பவர் மாதிரி.

கிடங்கு அதிகாரி இரண்டடி பின்னால் போனார். நாற்பத்தேழு பெட்டித் துப்பாக்கிக்கு நடுவே இரண்டு நாளாக விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்.

“இது கடிக்குமா சார்?”

“உங்களைக் கடிக்காது. கிரேனை நிறுத்துங்க. இந்தச் சரக்கு ஏறக் கூடாது.”

“எந்த அதிகாரத்துல?” சென்ட் முன்னால் வந்தார். “காகிதம் எல்லாம் சரியா இருக்கு!”

“கட்டைக்குக் காகிதம் இருக்கா?”

“கட்டைக்கா?”

“முத்திரை இல்லாத பச்சை மரம், உள்ள உயிருள்ள பூச்சி. நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. எரிக்கவும் உண்டு.”

சென்ட் சுற்றும் முற்றும் பார்த்தார். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. தப்பு என்றதும் அவர் வாய் தானாகவே பழைய தடத்தில் ஓடியது.

“அந்த டிரைவர் வேலையா இருக்கும். வழியில பெட்டியை மாத்தியிருப்பான்.”

அண்ணி இதற்காகத்தான் காத்திருந்தவள் போல மென்மையாகக் கேட்டாள். “அப்ப இது உங்க பெட்டி இல்லையா?”

“நாங்க இப்படிப் பெட்டி செய்யவே மாட்டோம்.”

“எழுதிக்கங்க ஐயா. உரிமையாளர், தன் பெட்டி இல்லைங்கிறார்.”

ஆபீசர் ஒரு நீளப் படிவத்தை எடுத்துப் பெட்டிமேல் விரித்தார். “நல்லது. வேலை சுலபம். உரிமையாளர் தெரியாத பச்சை மரம் அன்னிக்கே எரிக்கப்படணும். உள்ள இருக்கிறது அநாதைச் சரக்கு, அரசாங்கக் கிடங்குக்குப் போகும்.”

“என்னது?” சென்டின் குரல் ஒரு படி ஏறியது. “துப்பாக்கி எங்களோடது!”

“துப்பாக்கி என் துறை இல்லைங்க” என்றார் ஆபீசர்.

கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பை அடக்கியதில் காது சிவந்துவிட்டது.

“சரி சரி, எங்க பெட்டிதான். எங்க ஆசாரி அடிச்சதுதான்.”

“எத்தனை?”

“நாற்பத்தெட்டு.”

“எப்போ?”

“மூணு வாரம் ஆச்சு.”

ஆபீசர் நிதானமாக எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுழி. மணி மூன்றே கால். “அடுத்த கட்டம். பூச்சி எங்கெங்க உதிர்ந்திருக்கும்னு நாங்க தேடணும். அதனால பெட்டி நின்ன இடம் எல்லாம் எழுதணும். கிடங்கு, லாரி, இந்தத் துறைமுகம். வேற எங்க?”

“வேற எங்கயும் இல்ல.”

“பழைய படகுத்துறை ரோடு” என்றாள் அண்ணி. “ஒரு பெட்டி அங்க உடைஞ்சிருக்கு. போலீஸ் ரிக்கார்டுல இருக்கு.”

“ஓ! அங்க ரோட்டோரம் மரம்லாம் இருக்குமே.” ஆபீசருக்கு நிஜமாகவே மனசு நொந்தது. “படகுத்துறை. யார் உத்தரவின் பேர்ல அங்க போச்சு?”

கிரேன் ஓட்டுபவர்கூட மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“அது... டிரைவர் தானா...”

“உரிமையாளர் உத்தரவு இல்லாமலா? அப்ப சரக்கு நடுவுல உங்க கையை விட்டுப் போயிருக்கு.” ஆபீசர் பேனாவை எடுத்தார். “கைவிட்டுப் போன பச்சை மரத்தைத் திருப்பித் தர விதியில்ல. எரிக்கணும். உள்ள இருக்கிறது அரசாங்கக் கிடங்குக்குப் போகும். உத்தரவோட போயிருந்தா உங்க பொறுப்பிலேயே இருந்ததா ஆகும். பத்து நாள் நிறுத்தி வெச்சு, வேற பெட்டிக்கு மாத்திக்க விடலாம். ரெண்டுல எதுன்னு நீங்கதான் எழுதணும். கையெழுத்தும் உங்களோடது.”

இப்போதுதான் கொழுந்தனுக்கு முழுசாக விளங்கியது. ‘எங்கள் உத்தரவில்’ என்று எழுதினால் ஓட்டுநர் திருடன் இல்லை. ‘உத்தரவு இல்லாமல்’ என்று எழுதினால் துப்பாக்கி இவர்களுடையது இல்லை. அண்ணி மதியத்திலிருந்து ஒரு தடவைகூட இந்த ஆளிடம் உண்மையைக் கேட்கவில்லை. உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதினால் நஷ்டமாகிற ஒரு கட்டத்துக்கு அவரை நடத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

சென்ட் தள்ளிப் போய் போன் பேசினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரோ தூரத்தில், கரையில்லாத ஒரு வியாபாரத்தின் உரிமையாளர், மூச்சு விடுகிற நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார். திரும்பி வந்த சென்டின் முகத்தில் பழைய வெளுப்புச் சிரிப்பு.

“எங்கள் உத்தரவின் பேரில்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “துறைமுகம் மாத்தினது குத்தம்னு ஏதாவது சட்டம் இருந்தா சொல்லுங்க மேடம், நானும் தெரிஞ்சுக்கறேன். போலீஸ்ல ஒரு சின்னத் தகவல் குழப்பம்னு சொல்லிக்கலாம்.”

“மூணு நாளா ஒருத்தர் உள்ள இருக்காரு சார்” என்றான் கொழுந்தன். “அவர் பேர்கூடத் தெரியாதுல்ல உங்களுக்கு?”

“டிரைவர்தானே?”

அண்ணி படிவத்தின் நகலை வாங்கி நாலாக மடித்தாள். “வா தம்பி. இந்தாளோட பேசிப் பேசி நமக்கும் சென்ட் ஒட்டிக்கப் போகுது.”

*

கப்பல் நாலு மணிக்குப் போனது, நாற்பத்தேழு பெட்டி இல்லாமல். இன்ஸ்பெக்டர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை, தன் கண்ணையே சந்தேகப்பட்டு, ரைட்டரைப் படிக்கச் சொன்னார். ஐந்தே முக்காலுக்கு ஓட்டுநர் வெளியே வந்தான். ஒரு கையில் பெல்ட், இன்னொரு கையில் செருப்பு.

மனைவி அழவில்லை. சலவைக்கு வந்த துணியைப் பிரித்துக் கறை தேடுவது மாதிரி அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்து, முதுகு, மணிக்கட்டு.

“அடிச்சாங்களா?”

“இல்ல.”

“எழுதினியா?”

“பேனா பிடிக்க வராதுன்னுட்டேன். நம்பிட்டாங்க.”

“அதை நம்பினாங்க. போன் வந்துச்சுன்னா நம்பல” என்றாள் அவள். அப்புறம்தான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் அறையில் சென்ட் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டீ வந்திருந்தது. கைகுலுக்கிவிட்டு வெளியே வந்தவர், படியில் ஓட்டுநரைப் பார்த்து நின்றார், தோளில் தட்டினார்.

“மனசுல வெச்சுக்காதப்பா. பத்து நாள்ல புதுப் பெட்டி வந்துடும். உனக்கே லோடு தரச் சொல்றேன்.”

ஓட்டுநர் தோளைக் குலுக்கிக் கையை உதறினான். சென்ட் அதற்கும் சிரித்தார். கார்க் கதவைத் திறந்துவிட ஒருவர் காத்திருந்தார்.

“பத்து நாள்” என்றான் கொழுந்தன் மெதுவாக. “முத்திரை குத்தின நல்ல மரத்துல போட்டா, அப்புறம் யாரு நிறுத்துவா அண்ணி?”

“அதுக்குள்ள அந்த உறுதிக் காகிதத்துல கையெழுத்துப் போட்டவன் யாருன்னு பார்க்கணும். அப்படி ஒருத்தன் இருந்தா.”

ஓட்டுநரின் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கார் கிளம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கணக்கு உதைத்தது.

“மேடம், எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஒரு பெட்டி உடைஞ்சதுக்கு இவரை மூணு நாள் உள்ள வெச்சாங்க. நாற்பத்தெட்டுப் பெட்டியும் என்னோடது, நான்தான் அனுப்பினேன்னு கையெழுத்தே போட்டிருக்கான் அந்தாளு. அவனை எப்படி விட்டாங்க?”

அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

“என்னம்மா பண்றது. அவன் மேல வண்டு ஒண்ணும் இல்லையே.”